பதினேழு வயதில் நிற்கும் சலங்கை

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. குபு, பாயா ரும்புட், டுரியான் துங்கல், அலோர் காஜா, மெர்லிமாவ், கெமெண்டோர், புக்கிட் லிந்தாங் என்று எந்தப் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குப் போனாலும், தமிழ் வாழ்த்து முடிந்த கையோடு ஒரு வரவேற்பு நடனம் இருக்கும். கண்ணில் மை தீட்டி, தலை நிறையப் பூ வைத்து, நழுவும் நெற்றிச்சுட்டியை ஒரு கையால் சரிசெய்தபடி பிள்ளைகள் ஆடுவார்கள். முன்வரிசையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் அம்மாக்களின் முகத்தைப் பார்த்தால் போதும். இந்த ஐந்து நிமிடத்துக்காக எத்தனை சனிக்கிழமைகள் போயிருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகும். படிவம் மூன்று வரை நடன வகுப்புக்கு வரும். படிவம் நான்கில் டியூஷன் கூடும், ஆட்டம் குறையும். படிவம் ஐந்தில் "எஸ்.பி.எம். முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சோடு சலங்கை அலமாரிக்குள் போய்விடும். தேர்வு முடிவு வந்ததும் மெட்ரிகுலேஷனா, படிவம் ஆறா, பாலிடெக்னிக்கா, தாதியர் பயிற்சியா என்று வீடே கூடி உட்கார்ந்து பேசும். சித்தப்பா ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார். நடனம் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். பத்து வருடம் ஆடிய பிள்ளை, அதையே பட்டப்படிப்பாகப் படிக்க இந்த நாட்டிலேயே இடம் இருக்கிறது என்ற தகவல் அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்காது.

இதனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்புப் போகிறது. நமக்கோ அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. நம் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக ஆடப்பட்ட ஆட்டங்களைப் பார்க்கவும், குறித்துவைக்கவும், எழுதவும் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடையே உருவாகாமல் போகிறார்கள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு முதல் காரணம் இந்த இரண்டாவது இழப்புதான்.

மலாக்காவில் பல்கலைக்கழகங்களுக்குக் குறைவில்லை. டுரியான் துங்கலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (UTeM) பரந்து கிடக்கிறது. ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியலும் கணினியும் படிக்க நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே மோட்டார்சைக்கிளில் போய் வருகிறார்கள். இந்த இரண்டு இடத்திலும் நடனப் பட்டப்படிப்பு கிடையாது. நடனம் படிக்க வேண்டுமென்றால் மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறி இரண்டு மணி நேரம் வடக்கே போக வேண்டும்.

கோலாலம்பூரில் அஸ்வாரா இருக்கிறது. 1994இல் தேசியக் கலைக் கழகம் என்ற பெயரில் தொடங்கி, 2006இல் தனிச் சட்டத்தின் கீழ் தேசியக் கலை, பண்பாடு, பாரம்பரியக் கழகமாக வளர்ந்த அரசு நிறுவனம். அதன் நடனப் புலத்தில் மலாய் ஆட்டம், சீன ஆட்டம், பாலே, தற்கால நடனம் ஆகியவற்றோடு பரதநாட்டியமும் பாடம். நடன அமைப்பாளர் ஜோசப் கொன்சாலஸ் நீண்ட காலம் அந்தப் புலத்தை வழிநடத்தினார். அங்கே சேர்ந்த எந்த மாணவரும் தன் இனத்து ஆட்டத்தோடு நின்றுவிட முடியாது. கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பெண் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு போட வேண்டும். ஜாசினிலிருந்து வந்த தமிழ்ப் பையன் ஸாப்பின் ஆட வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு காலம் பண்பாட்டு மையமாக இருந்து, இன்று படைப்புக் கலைப் புலமாக விளங்கும் துறையில் நடனம் பட்டப்படிப்பாக இருக்கிறது. மேடையில் ஆடுவதோடு ஆட்டத்தை ஆராயவும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். முனைவர் பட்டம் வரை போகலாம். தஞ்சோங் மாலிமில், 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசை, நிகழ்கலைப் புலம் இருக்கிறது. ஆசிரியராக விரும்பும் பிள்ளைகள் அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

இந்தக் கதவுகள் எப்போதும் இப்படித் திறந்திருக்கவில்லை. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. தேசியப் பண்பாடு இந்த வட்டாரத்துப் பூர்விக மக்களின் பண்பாட்டை அடித்தளமாகக் கொள்ள வேண்டும், பிற பண்பாடுகளில் பொருத்தமான கூறுகளைச் சேர்த்துக்கொள்ளலாம், இஸ்லாம் அதில் முக்கிய இடம் பெற வேண்டும் என்று அங்கே முடிவானது. அந்தக் காலத்தில் இந்திய நடனம் அரசு மேடைக்கு வெளியே, சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் ஆசிரியர் வீட்டுக் கூடங்களிலும்தான் உயிரோடு இருந்தது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் உருவானது. 1983இல் ரம்லி இப்ராஹிம் சூத்ரா நடன அரங்கைத் தொடங்கினார். மலாய்க்காரரான ரம்லி, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும் குரு தேவப்பிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்றவர். அவருடைய சூத்ரா, குவாலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குப் போய் ஒடிசி சொல்லிக்கொடுத்திருக்கிறது. தோட்டத்துக்கு மேடையைக் கொண்டுபோன அந்த வேலையை நாம் இன்னும் போதுமான அளவு பாராட்டவில்லை என்பது என் எண்ணம்.

அந்தத் தலைமுறைக்கு ஒரு கட்டாயம் இருந்தது. முதலில் ஒரு "நல்ல படிப்பு", பிறகுதான் நடனம். ரம்லிக்குப் பொறியியல் என்றால், பரதத்தின் பேராசான்களில் ஒருவரான சி.வி. சந்திரசேகருக்குத் தாவரவியல். கலாக்ஷேத்திராவில் ஆடிப் பழகிய அவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முதுகலை படித்துவிட்டு, நடனப் பேராசிரியராகவே வாழ்க்கையை நடத்தினார். நம் பிள்ளைகள் இன்று நேரே நடனத்துக்குப் போகலாம். வழி இருக்கிறது. வீட்டில் சம்மதம் கிடைக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் என்ன புதிதாகக் கற்றுக்கொடுத்துவிடப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்குத் தரையிலிருந்தே பதில் சொல்லலாம். தோட்டத்து நடன வகுப்பு பெரும்பாலும் கோயில் மண்டபத்திலோ பாலர்பள்ளியிலோ நடக்கும். சுரிதாரின் மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஆசிரியை தட்டுக்கழியால் கட்டையில் தட்டி "தையா தை" என்று சொல்லச் சொல்ல, இருபது ஜோடிக் கால்கள் சிமெண்டுத் தரையில் ஓங்கி விழும். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். வேகம் ஏற ஏற ஓசையும் ஏறும். கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் சிமெண்டு கொடுத்துவாங்காத தரை. ஓங்கி மிதித்த அடியை அப்படியே காலுக்குத் திருப்பி அனுப்பும். பதினான்கு பதினைந்து வயதில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், தைலம் தேய்த்துவிட்டு அடுத்த வாரமும் அதே தரைக்கு அனுப்புகிறோம்.

நடனத்துக்கென்று கட்டும் கூடங்களில் மரத்தரை போடுவார்கள். அடியில் இடைவெளி விட்டுப் பலகை பாவியிருப்பதால் கால் விழும்போது தரை சற்றே இறங்கி ஏறும். தரைக்கு அடுத்தது உடம்பு. நடனம் படிக்கும் மாணவர் உடற்கூறும் படிக்க வேண்டும். அரைமண்டியில் முட்டி இரண்டும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்று நமக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் முறுக்கு முழுவதும் முட்டியில் போய் விழும். எல்லார் இடுப்பெலும்பும் ஒரே அளவு திரும்பும்படி அமைந்ததும் இல்லை. இந்த ஒரு செய்தி தெரிந்த ஆசிரியை, "இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு" என்று எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரி அதட்ட மாட்டார். யாரை எவ்வளவு உட்கார வைக்கலாம் என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பார். இருபத்தைந்து வயதில் முட்டி போய், ஆட முடியாமல் நிற்பவர்கள் குறைவார்கள். பட்டம் படித்த நடன ஆசிரியைகள் நம் ஊர்களுக்கு வேண்டும் என்று நான் சொல்வது முதலில் பிள்ளைகளின் கால்களுக்காக.

ஆட்டத்தை எழுதிவைக்கும் முறையும் உண்டு. பாட்டுக்கு ஸ்வரக் குறிப்பு இருப்பதுபோல, உடல் அசைவுக்கு ருடால்ஃப் லாபான் 1928இல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். எந்த உறுப்பு, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் அசைகிறது என்று கோடுகளாலும் கட்டங்களாலும் குறிக்கும் முறை அது. காணொளி இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். காணொளி ஒருவர் ஒரு நாள் ஆடியதை ஒரு பக்கத்திலிருந்து காட்டும். குறியீடு எழுத உட்காரும்போதுதான் எது அந்த ஆட்டத்தின் இலக்கணம், எது ஆடியவரின் சொந்தச் சேர்க்கை என்று பிரித்துப் பார்க்கும் பார்வை பழகும். சிதம்பரம் கோபுரச் சிற்பங்களின் 108 கரணங்களை ஆடிப் பார்த்து ஆராய்ந்த பத்மா சுப்ரமணியத்துக்கு அந்த ஆய்வுக்குத்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் கொடுத்தது. கல்லில் நின்றுபோன அசைவுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்திருக்கும் என்று யோசிப்பதற்கு ஆடத் தெரிந்த உடம்பும் வேண்டும், படித்த கண்ணும் வேண்டும்.

குருவின் காலடியில் உட்கார்ந்து கற்க வேண்டிய கலையைப் பாடத்திட்டத்துக்குள் அடைக்க முடியுமா என்ற கேள்வி பழையது. மதிப்போடு எதிர்கொள்ள வேண்டிய கேள்வியும்கூட. இதற்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1880இல் தஞ்சாவூர் அரச குடும்பத்துப் பெண் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடுக்கு மனைவியாகப் போனபோது, சீராகத் தஞ்சை நடனக் கலைஞர்களும் உடன் போனார்கள். குஜராத்தி பேசும் ஊரில், அரண்மனை நிழலில், தஞ்சாவூர் ஆட்டம் தலைமுறைகளைக் கடந்து நின்றது. அந்தப் பரம்பரையில் வந்த குபேர்நாத் தஞ்சோர்கர், பின்னாளில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் நடனம் கற்பித்தார். இந்தியாவில் நடனத்துக்குப் பட்டம் கொடுக்க முதலில் முன்வந்த பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. சி.வி. சந்திரசேகரும் அங்கே பணியாற்றினார். தேவதாசி மரபின் கடைசிப் பெருஞ்சுடரான பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். அபிநயத்தில் ஒரு புருவ அசைவைக்கூட விட்டுக்கொடுக்காதவர் அவர். பல்கலைக்கழக வகுப்பறை தன் கலைக்குத் தகாத இடம் என்று அவர் நினைத்திருந்தால் போயிருக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்தது இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி உண்டு. தமிழ்நாட்டில் 2013இல் இசைக்கும் கவின்கலைக்குமாகத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. ஆண்டுதோறும் பட்டம் பெற்ற நடன மாணவர்கள் வெளியே வருகிறார்கள். தமிழர் வாழும் மற்ற இடங்களில் இது பழகிப்போன செய்தி.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் பரதநாட்டியத்தில் முழுத் தேர்ச்சி வந்துவிடும் என்று நம்பிப் போகக் கூடாது. பல ஆட்டங்களுக்கும் பாடங்களுக்கும் இடையே வாரத்தில் சில மணி நேரமே பரதத்துக்குக் கிடைக்கும். ஒரு வர்ணத்தைத் தாங்கி ஆடும் பலம் அந்த நேரத்துக்குள் வராது. ஊரில் எட்டு பத்து வருடம் அடவு போட்டு, மார்க்கத்தில் ஓரளவாவது கற்றுக்கொண்டு போகிற பிள்ளைக்குத்தான் பல்கலைக்கழகம் முழுப் பயன் தரும். அங்கே படிக்கும் காலத்திலும் குருவை விடக் கூடாது. தோட்டத்து ஆசிரியையும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வர முடியாது. இரண்டு பேரும் வேண்டும்.

மொழியும் ஒரு சவால்தான். அரைமண்டி, அடவு, முத்திரை, ஜதி என்று தமிழில் கேட்டே வளர்ந்த பிள்ளை அங்கே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். முதல் தவணையில் திணறல் இருக்கும். பக்கத்தில் நிற்கும் சரவாக் மாணவனுக்கு ஓர் அடவை விளக்கிச் சொல்ல வேண்டிய நிலை வரும்போது, இதுவரை காலுக்கு மட்டும் தெரிந்திருந்தது வாய்க்கும் வரும். நல்ல ஆசிரியர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

மற்ற இனத்தாரோடு சேர்ந்து கற்பதில் மலாக்காப் பிள்ளைக்கு ஒரு சாதகம் உண்டு. காஜா பேராங்கின் செட்டி குடும்பங்கள் மலாய் பேசிக்கொண்டே சைவ வழிபாட்டை நூற்றாண்டுகளாகக் காத்துவருகின்றன. போர்த்துக்கீசியக் குடியிருப்பில் பிரான்யோ ஆடுகிறார்கள். மலாய்க்காரர், பாபா நியோன்யா, செட்டி, போர்த்துக்கீசிய வம்சாவளியினர் என நான்கு சமூகமும் பாடும் டொண்டாங் சாயாங்கை 2018இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜோகெட் ஆட்டத்துக்கு மூலம் போர்த்துக்கீசிய ஆட்டம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வயலினும் ரெபானாவும் உறுமியும் நாதஸ்வரமும் ஒரே வட்டாரத்தில் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை, மற்ற இனத்து ஆட்டத்தைக் கற்கும்போது முற்றிலும் அந்நியமாக உணராது.

இனி, நான் முதலில் சொன்ன இரண்டாவது இழப்புக்கு வருகிறேன்.

1960களில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒரு வேலையில் இறங்கினார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை, படித்தவர்கள் பலரும் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. அவர் கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரை மதித்து அழைத்து, மாணவர்களுக்குக் கூத்து பழக்கி, "கர்ணன் போர்", "இராவணேசன்" போன்றவற்றைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். மாணவராக அந்த மேடையில் ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே முனைவர் ஆய்வாக எழுதி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இன்று அந்தக் கூத்தின் இரு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் தாளக்கட்டு என்ன, ஆட்ட முறை என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குப் புத்தகம் இருக்கிறது. ஊரில் பிறந்து, ஊர்க்கூத்தை ஆடி, பல்கலைக்கழகம் போய், திரும்பி வந்து எழுதியதால் கிடைத்த புத்தகம் அது.

நம் நாட்டிலேயே மலாய்ச் சமூகம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் முகமட் அனிஸ் முகமட் நோர், அரபு வழியில் வந்து மலாய்க் கம்பங்களில் வேரூன்றிய ஸாப்பின் ஆட்டத்தை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார். 1993இல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் அதை நூலாக வெளியிட்டது. கல்யாண வீட்டு முற்றத்தில் ஆடியது பல்கலைக்கழகப் பாடமானதற்கு இப்படிப்பட்ட உழைப்பே காரணம்.

நம் தோட்டத்து ஆட்டங்களுக்கு அப்படி ஒரு நூல் என் கண்ணில் படவில்லை. ஆடாமலா இருந்தோம்? ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில் மாரியம்மன் திருவிழா வந்தால் லயத்து வீடுகளுக்கு வெள்ளையடிப்பார்கள். பிரட்டுக் களத்தில் பந்தல் போடுவார்கள். கரகம் எடுப்பார்கள், காவடி ஆடுவார்கள், கும்மி அடிப்பார்கள், கோலாட்டம் போடுவார்கள், இரவில் நாடகம் நடக்கும். விடியற்காலை பால்வெட்டுக்குப் போகும் அதே கால்கள்தான் இரவில் ஆடின. கரகத்தில் வேண்டுதலோடு எடுக்கும் சக்திக் கரகம் வேறு, வேடிக்கைக்கு ஆடும் ஆட்டக் கரகம் வேறு. வேப்பிலையும் பூவும் சுற்றிய செம்பு தலையில் நிற்க, கழுத்து அசையாமல் இடுப்பும் காலும் மட்டும் வேலை செய்யும் நுட்பத்தை எந்தப் பள்ளியிலும் அவர்கள் கற்கவில்லை. அத்தையைப் பார்த்து மகள் ஆடினாள், மாமனைப் பார்த்து மருமகன் ஆடினான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் அலோர் காஜா, மஸ்ஜித் தானா, ஜாசின், செங் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. சில கோயில்கள் கூடவே வந்தன, சில செம்பனைக் காட்டுக்குள் நின்றுவிட்டன. மாசி மகத்தன்று செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் இன்றும் காவடி ஆடுகிறது, உறுமி முழங்குகிறது. ஆனால் எந்தத் தோட்டத்தில் எந்த அடி ஆடினார்கள், தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலிருந்து அது வந்தது, இங்கே வந்தபின் என்ன மாறியது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் எழுபது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

இந்த வேலையை வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் செய்ய முடியாதா? செய்யலாம். ஆனால் பாட்டி ஆட்டத்தைப் பற்றிப் பேத்தியிடம் சொல்வதுபோல் மற்றவரிடம் சொல்ல மாட்டாள். "கால எப்படி வெச்சீங்க பாட்டி, காட்டுங்க" என்று பேத்தியால் கேட்க முடியும். உட்கார்ந்த நிலையில் பாட்டி கையாலும் தோளாலும் காட்டுவதைப் புரிந்துகொண்டு தன் உடம்பில் ஆடிப் பார்த்து, "இப்படியா?" என்று திருப்பிக் காட்டவும் முடியும். பேத்தி நடனம் படித்தவளாக இருந்தால் அதைக் குறியீட்டில் எழுதிவைக்கவும் முடியும்.

பெற்றோரின் கவலையைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. ஆடி என்னம்மா சம்பாதிப்பே என்ற கேள்வியில் அன்புதான் இருக்கிறது. தோட்டத்தில் பட்ட கஷ்டத்தைப் பிள்ளை படக் கூடாது என்ற பதற்றம் இருக்கிறது. நடனப் பட்டம் பெற்றவர் மருத்துவர்போல் சம்பாதிக்கப்போவதில்லை. கலைக் கல்வி ஆசிரியர் பணி, தேசிய பண்பாடு, கலைத் துறையின் பணிகள், இஸ்தானா புடாயா போன்ற அரங்குகள், சுற்றுலா நிகழ்ச்சிகள், சொந்த நடனப் பள்ளி, கல்வித்துறை ஆய்வு என்று வழிகள் உண்டு. அவற்றில் போட்டியும் உண்டு. செலவைப் பார்த்தால், அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. மண்டபம், பக்கவாத்தியம், உடை, சாப்பாடு என்று ஒரே ஓர் அரங்கேற்ற இரவுக்குப் பல ஆயிரம் வெள்ளி கடன் வாங்கிச் செலவழிக்கிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்தப் பணத்தைப் பிள்ளையின் கோலாலம்பூர் படிப்புக்கு ஒதுக்குவதே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காவடிக்கு முன்னால் மணிக்கணக்கில் ஆடும் பையனைப் பார்த்துப் பெருமைப்படும் அதே அப்பா, பரத வகுப்புக்குப் போகிறேன் என்று அவன் சொன்னால் முகம் சுளிக்கிறார். சிவனே ஆடவல்லான் என்று கும்பிடுகிற நமக்கு இந்தக் கூச்சம் ஏன் வந்தது? நடனம் கற்றுக்கொடுத்த பரம்பரை நட்டுவனார்களில் பெரும்பாலோர் ஆண்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆண். நடனம் படிக்க ஆசைப்படும் பையனைத் தடுத்து நிறுத்துவதை நாம் விட்டே ஆக வேண்டும்.

படிவம் ஐந்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சில செய்திகள். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளி, மாவட்ட, மாநில நடனப் போட்டிச் சான்றிதழ்கள் எதையும் தொலைத்துவிடாதீர்கள். ஆறாம் ஆண்டில் வாங்கியதையும் கோப்பில் வையுங்கள். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். பட்டப்படிப்புக்கு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா வழியாகப் போகலாம். நடனத் துறைக்கு விண்ணப்பித்தால் தேர்வுக் கூடத்தில் ஆடிக் காட்ட வேண்டியிருக்கும். நேர்முகமும் இருக்கும். தயாரித்து வைத்திருக்கும் உருப்படியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அங்கேயே புதிதாக ஓர் அசைவு வரிசையைக் கற்றுக்கொடுத்து உடனே ஆடச் சொன்னால் எப்படிப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஸாப்பினோ ஜோகெட்டோ ஒரு முறையாவது ஆடிப் பார்த்துவிட்டுப் போங்கள். நடனம் உங்களுக்கு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு மலாயில் பதில் சொல்லப் பழகுங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் இந்தத் துறையின் பெயரைச் சொல்லி விவரம் கேளுங்கள். அவருக்கு விவரம் தெரியாவிட்டால் அவரையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்களும் கோயில் நிர்வாகங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை நடனப் பட்டதாரி ஒருவரை மலாக்காவுக்கு அழைத்து, படிவம் மூன்று, நான்கு மாணவர்களையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசவைக்கலாம். மண்டபத்தில் ஒரு மூலைக்காவது மரப்பலகைத் தரை போடலாம்.

நடனத் துறையில் இப்போதே படித்துக்கொண்டிருக்கும் மலாக்கா மாணவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது உங்கள் தாத்தா வாழ்ந்த தோட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். அடுத்த திருவிழா விடுமுறைக்கு வரும்போது கைப்பேசியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்து வாருங்கள். கரகம் எடுத்தவர் யார், யாரிடம் கற்றார், செம்பில் அரிசி நிரப்பினார்களா தண்ணீரா, எத்தனை அடி முன்னே வைத்து எத்தனை அடி பின்னே வந்தார், உறுமி எந்த இடத்தில் மாறியது, எந்தப் பாட்டுக்கு ஆடினார், எந்த வருடம் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள்.